எலக்ட்ரிகல், பிளம்பிங் படிக்கப் போகிறீர்களா? பள்ளியின் குப்பைத்தொட்டியைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்

பயிற்சி முடித்த கையோடு வேலை கேட்டு வருகிறவர்களிடம் சான்றிதழை நான் கடைசியில்தான் வாங்கிப் பார்ப்பேன். முதலில் ஒரு முழம் வயரைக் கொடுத்து, "நுனியைச் சீவு தம்பி, பார்க்கலாம்" என்பேன். சிலர் கத்தியைக் குறுக்கே வைத்து வயரைச் சுற்றி வட்டம் போடுவார்கள். மேலுறை அழகாகக் கழன்று வந்துவிடும். கூடவே உள்ளே இருக்கும் செம்பில் மெல்லிய கீறல் ஒன்றும் விழுந்திருக்கும். அந்த இடத்தில் நாலு தடவை வளைத்தால் கம்பி முறியும். முறியாமல் போனால் இன்னும் வம்பு. ஸ்விட்ச் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, லோடு ஏறும் ஒருநாள் சூடாகும். பென்சில் சீவுவது மாதிரி கத்தியைச் சாய்த்துப் பிடிப்பவரையும், ஸ்ட்ரிப்பரில் வயர் அளவுக்கேற்ற பள்ளத்தைத் தேடி வைப்பவரையும் பார்த்ததுமே தெரிந்துவிடும், இவர் படித்த இடத்தில் வயர் நிறையச் செலவழிந்திருக்கிறது என்று.

இரண்டு தொழிலும் பொருளை வீணாக்கித்தான் கைக்கு வரும். வயர், பைப், எல்போ (வளைவு இணைப்பு), சொல்யூஷன் (பைப் ஒட்டும் பசை), ஸ்க்ரூ எல்லாமே ஒரு தடவை வெட்டினால், ஒட்டினால் போயிற்று. செலவைக் குறைக்க நினைக்கும் பள்ளி முதலில் கைவைப்பதும் இதில்தான். கட்டடம் பளபளக்கும், ப்ரொஜெக்டர் ஓடும், ஆனால் நாற்பது பேருக்கு ஒரே ஒரு பைப் வெட்டப்படும். அதையும் மாஸ்டரே வெட்டிக் காட்டுவார். ஆகவே ஒரு பள்ளியை எடைபோட நான் வைத்திருக்கும் கேள்வி இதுதான்: ஒரு மாணவன் கெடுப்பதற்கு இங்கே எவ்வளவு பொருள் தருகிறார்கள்? கீழே சொல்வதெல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வரும். பள்ளி வாசலுக்குப் போவதற்கு முன் முடிக்க வேண்டியவை இரண்டு மூன்று இருக்கின்றன, அவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் வேலை: எந்தத் தொழில் என்று முடிவுசெய்வது

"ரெண்டில் எதில் வருமானம் அதிகம்?" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். வேலை தெரிந்தவருக்கு இரண்டிலும் பிழைப்பு உண்டு. உங்கள் உடம்புக்கும் சுபாவத்துக்கும் எது ஒத்துவரும் என்பதை முதலில் பாருங்கள்.

பிளம்பிங் என்றால் குனிவதும் தவழ்வதும் தூக்குவதும்தான். சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, தலைக்கு மேல் கையை நீட்டி நட்டைத் திருக வேண்டும். அடைத்துக்கொண்ட கழிவுக்குழாயைத் திறந்தால் என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. அருவருப்பு ஒரு வாரத்தில் பழகிவிடும் என்பார்கள். பெரும்பாலானோருக்குப் பழகும், சிலருக்குக் கடைசிவரை பழகாது.

எலக்ட்ரிகலில் அழுக்கு குறைவு, ஏணி அதிகம். பொறுமையும் வரிசைப்படி யோசிக்கும் பழக்கமும் வேண்டும். கணக்கும் வரும். பயப்படும்படி ஒன்றுமில்லை, ஆனால் வாட்ஸை வோல்ட்டால் வகுக்கச் சொன்னால் முழிக்கக் கூடாது. இன்னொன்று, நிறம். வயரின் நிறத்தை வைத்தே இங்கே பாதி வேலை நடக்கிறது. சிவப்பு பச்சை வேறுபாடு தெரியாத நிறக்குருடு ஆண்களிடம் அப்படியொன்றும் அபூர்வமில்லை, பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. கட்டணம் கட்டிய பிறகு மருத்துவச் சோதனையில் தெரிந்து தவிப்பதைவிட, கண் மருத்துவரிடம் ஐந்து நிமிடச் சோதனை ஒன்றை இப்போதே செய்துகொள்ளுங்கள்.

முடிவுசெய்ய முடியவில்லையா? தெரிந்த பிளம்பர் ஒருவரோடு இரண்டு நாள், எலக்ட்ரீஷியன் ஒருவரோடு இரண்டு நாள் போங்கள். எடுபிடியாக, சம்பளம் எதிர்பார்க்காமல். எந்தக் கையேடும் சொல்லாததை அந்த நாலு நாள் சொல்லிவிடும்.

அடுத்தது: லைசன்ஸிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். பள்ளியில் போய், "இங்கே படித்தால் லைசன்ஸ் கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். பள்ளி "கிடைக்கும்" என்றுதான் சொல்லும். அந்தக் கேள்வியை லைசன்ஸ் கொடுக்கும் அலுவலகத்தில் கேட்க வேண்டும். நீங்கள் வேலை செய்ய நினைக்கும் ஊரில் யார் அந்த அதிகாரம் வைத்திருக்கிறார்கள், என்ன படித்திருக்க வேண்டும், எத்தனை காலம் யாருக்குக் கீழ் வேலை செய்திருக்க வேண்டும், என்ன தேர்வு என்று எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். அப்புறம் பள்ளியைத் தேடினால் போதும்.

சான்றிதழ் வேறு, லைசன்ஸ் வேறு. சான்றிதழ் என்றால் படித்தீர்கள் என்று அர்த்தம். தனியாகப் பொறுப்பேற்று வேலை செய்து கையெழுத்துப் போடலாம் என்பதற்குத்தான் லைசன்ஸ். இரண்டுக்கும் நடுவில் பல நாடுகளில் சில வருடங்கள் கிடக்கின்றன.

அளவு தெரிவதற்காகச் சில நாடுகளின் கணக்கைச் சொல்கிறேன். ஜெர்மனியில் இரண்டு தொழிலுக்கும் பயிற்சிக்காலம் மூன்றரை வருடம். ஒரு நிறுவனத்தில் வேலை, கூடவே தொழிற்பள்ளியில் வகுப்பு என்று இரண்டும் சேர்ந்தே நடக்கும். அமெரிக்காவில் அப்ரண்டிஸாக, அதாவது சம்பளம் வாங்கிக்கொண்டே தொழில் பழகுபவராக, சேர்ந்தால் பொதுவாக 4 முதல் 5 வருடம். வருடத்துக்கு 2,000 மணி நேரம் வேலைத்தளத்தில், 144 மணி நேரம் வகுப்பில் என்பது வழக்கமான கணக்கு. ஆஸ்திரேலியாவிலும் ஏறத்தாழ 4 வருடம். பிரிட்டனில் எலக்ட்ரீஷியன் ஆக, படிப்பும் தள அனுபவமும் முடித்தபின் ஏ.எம்.2 என்ற செய்முறைத் தேர்வு இருக்கிறது. இந்தியாவில் ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் படிப்பு 2 வருடம், பிளம்பர் படிப்பு 1 வருடம். அதன்பின் அப்ரண்டிஸ், லைசன்ஸ் எல்லாம் தனிப் படிகள்.

அந்த 2,000க்கும் 144க்கும் உள்ள இடைவெளியைக் கொஞ்சம் பாருங்கள். தொழில் படிவது வேலைத்தளத்தில். பள்ளியின் வேலை, தளத்துக்குப் போகும்போது உங்களையும் பக்கத்தில் நிற்பவரையும் ஆபத்தில் மாட்டிவிடாத அளவுக்குத் தயார்செய்து அனுப்புவது. ஆகவே "ஆறே வாரத்தில் முழு எலக்ட்ரீஷியன்" என்று எங்காவது பார்த்தால் அதைக் கடந்து போய்விடுங்கள். ஆறு வாரத்தில் நல்ல உதவியாளராகலாம். அப்படிச் சொல்லியே விற்கிற குறுகியகாலப் படிப்பு நேர்மையானது, அதில் சேர்வதில் தப்பே இல்லை.

வெளிநாட்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால் இதே வேலையை அந்த நாட்டுக்கும் செய்யுங்கள். ஒரு நாட்டின் லைசன்ஸ் இன்னொரு நாட்டில் பெரும்பாலும் அப்படியே செல்லாது. பள்ளியின் பெயர்ப்பலகையில் "இன்டர்நேஷனல்" என்று இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அங்கீகாரத்தைச் சரிபார்ப்பது

இது சின்ன வேலை, ஆனால் தவிர்க்கக் கூடாது. பள்ளி சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக் காட்டும் காகிதத்தை நம்பாதீர்கள். அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பின் பட்டியலில் பள்ளியின் பெயரை நீங்களே தேடுங்கள். மூன்று பொருந்த வேண்டும்: பள்ளியின் பெயர், நீங்கள் சேரப்போகும் குறிப்பிட்ட பிரிவு, இந்த வருடம். ஃபிட்டர் பிரிவுக்கு மட்டும் அங்கீகாரம் வாங்கிவிட்டு, அதே பலகையின் கீழ் பிளம்பிங்கும் நடத்துகிற இடங்கள் உண்டு. முன்பு இருந்து இப்போது காலாவதியானதும் உண்டு.

நேரில் போவது

கட்டுரையில் ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

அட்மிஷன் அலுவலகம் திறக்கும் காலை நேரத்தில் போகாதீர்கள். செய்முறை வகுப்பு எப்போது என்று போனில் கேட்டுவிட்டு, அது பாதி நடந்துகொண்டிருக்கும்போது போங்கள். "ஒர்க்‌ஷாப்பைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். "இன்று வேண்டாம், இன்னொரு நாள் வாங்க" என்றால் இன்னொரு நாளும் போங்கள். அன்றும் அதே பதில் வந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

என் அக்கா மகனுக்காக இரண்டு பள்ளிகளுக்குப் போயிருந்தேன். முதலாவதில் வரவேற்பறையே குளுகுளு. ஒர்க்‌ஷாப்பில் கண்ணாடி அலமாரிக்குள் பைப் ரெஞ்சுகள் வரிசையாகத் தொங்கின. ஒன்றின் பல்லில் ஒரு கீறல் இல்லை, வாங்கியபோது ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கூடப் போகவில்லை. பெஞ்சில் பைப்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் பன்னிரண்டு இருந்தன, எதன் தாடையிலும் உராய்ந்த தடமே இல்லை. தரை அவ்வளவு சுத்தம். கூட்டிப்போனவர் அதைத்தான் பெருமையாகச் சொன்னார். மூலையில் இருந்த குப்பைக்கூடையை எட்டிப் பார்த்தேன். டீ குடித்த பேப்பர் கப்புகள்.

இரண்டாவது பள்ளியின் ஷெட் மழைக்கு ஒழுகும் போலிருந்தது. உள்ளே ஆறு வைஸ்தான், ஆனால் ஆறிலும் ஆள் நின்றார்கள். ஒரு பெண் இரும்புப் பைப்பில் த்ரெட் (திருகுமரை) போட்டுக்கொண்டிருந்தாள். மரை வெட்டும் டையை ஒரு சுற்று முன்னே திருப்பி, கால் சுற்றுப் பின்னே இழுத்து, சுருளாக வந்த இரும்புத்தூளை உடைத்துவிட்டு, எண்ணெய் விட்டு, மறுபடி முன்னே. அந்தக் கால் சுற்றை யாரும் சொல்லாமலே செய்தாள். பக்கத்தில் ஒரு எண்ணெய் டின் நிறைய வெட்டுத்துண்டுகள்: கோணலாக வெட்டியவை, த்ரெட் சிதைந்தவை, எல்போவோடு சேர்த்து ஒட்டிப் பிறகு அறுத்துப் போட்டவை. சிலவற்றில் சாக்கட்டியால் மார்க் போட்டிருந்தது, பத்துக்கு மூன்று, பத்துக்கு நாலு என்று. கெட்டுப்போனதற்கும் மதிப்பெண் போட்டுத் திருப்பிக் கொடுக்கிற மாஸ்டர் அங்கே இருந்தார். பையனை அங்கேதான் சேர்த்தோம்.

ஆக, போன இடத்தில் முதலில் தேட வேண்டியது அந்த டின். வெட்டுத்துண்டு எங்கே கிடக்கிறது, எவ்வளவு கிடக்கிறது? எலக்ட்ரிகல் பக்கம் என்றால் வயர் நறுக்குகள், தலை மழுங்கிய ஸ்க்ரூக்கள், திரும்பத் திரும்பத் துளைபோட்டுச் சல்லடையான வயரிங் போர்டு. பழைய போர்டு இருப்பது நல்ல அடையாளம்தான்.

பிறகு எண்ணுங்கள். பெஞ்ச் எத்தனை, வைஸ் எத்தனை, வகுப்பில் ஆள் எத்தனை. ஒரு வைஸுக்கு இரண்டு பேர் என்றால் பரவாயில்லை, ஒருவர் பிடிக்க ஒருவர் வேலை செய்யலாம். ஐந்து பேர் என்றால் நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். நீங்கள் போன நேரத்தில் எத்தனை பேர் கையில் கருவி இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதும் உதவும்.

பிளம்பிங் ஒர்க்‌ஷாப்பில் தண்ணீர் ஓடுகிறதா? சிரிக்காதீர்கள். பைப்பைச் சுவரில் பொருத்திக் காட்டி, தண்ணீரே விடாமல் கழற்றி வைத்துவிடும் இடங்கள் இருக்கின்றன. ஜாயிண்ட் கசிகிறதா இல்லையா என்பது தெரியாமல் அந்தப் பயிற்சியால் என்ன பயன்? கையால் அடிக்கும் பிரஷர் டெஸ்ட் பம்ப் ஒன்றாவது இருக்க வேண்டும். லைனில் தண்ணீர் நிரப்பி, காற்றை வெளியேற்றி, வழக்கமாக ஓடும் அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு ஏற்றி, முள் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்க்கிறார்களா என்று கேளுங்கள்.

எலக்ட்ரிகல் ஒர்க்‌ஷாப்பில் சப்ளை எப்படி வருகிறது என்று பாருங்கள். பயிற்சி பெஞ்சுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு ஏற்பட்டதும் சப்ளையைத் துண்டிக்கும் பிரேக்கர், இருக்க வேண்டும். கை எட்டும் உயரத்தில் சிவப்பு எமர்ஜென்சி பட்டன் வேண்டும். பட்டன் இருந்தால், "இது வேலை செய்கிறதா?" என்று அப்பாவியாகக் கேட்டுப் பாருங்கள். நல்ல மாஸ்டர் அதை உடனே அழுத்திக் காட்டுவார். மெகர் (வயர் மேலுறையின் காப்பை அளக்கும் மீட்டர்), எர்த் டெஸ்டர், கிளாம்ப் மீட்டர் எல்லாம் பெட்டியில் பூட்டியிருந்தால், கடைசியாக எப்போது வெளியே எடுத்தார்கள் என்று மாணவர்களிடம் கேளுங்கள்.

பாதுகாப்பில் ஒரே ஒரு காட்சி போதும்

ஒரு சர்க்யூட்டில் வேலை தொடங்குமுன் மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நின்று கவனியுங்கள். பிரேக்கரை அணைத்து, அதற்கு ஒரு பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம் டெஸ்டரை மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓர் இடத்தில் வைத்து, டெஸ்டர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து வேலை செய்யப்போகும் இடத்தில் வைக்க வேண்டும். மறுபடியும் முதலில் வைத்த இடத்திலேயே வைத்து, டெஸ்டர் நடுவில் செத்துப்போகவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். இத்தனையும் முடிந்தபிறகுதான் கை வைக்கலாம்.

ஸ்க்ரூடிரைவர் மாதிரி இருக்கும் நியான் டெஸ்டர் மட்டுமே கையில் இருந்து, அது எரியவில்லை என்றதும் வயரைத் தொடுகிறார்கள் என்றால் அந்தப் பள்ளி வேண்டாம். உள்ளே இருக்கும் சின்ன விளக்கு பழுதானாலும் அது எரியாது. ரப்பர் செருப்போடு காய்ந்த மரப்பலகையில் நின்றால்கூட எரிவது மங்கிப்போகும். இதைச் சொல்லிக்கொடுக்காத இடம் மற்றதை எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தாலும் எனக்குப் பொருட்டில்லை.

பிளம்பிங்கில் ஆபத்து குறைவு என்று நினைப்பார்கள். சூடான குழாய், டார்ச் நெருப்பு, மூடிய அறையில் சொல்யூஷன் ஆவி, பள்ளத்தில் இறங்கி வேலை செய்யும்போது சரியும் மண் எல்லாம் இருக்கின்றன. கண்ணாடி, கையுறை, காலணி எல்லோரும் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மாஸ்டரும் போட்டிருக்கிறாரா என்பதையும்.

பாடத்திட்டத்தில் என்ன தேடுவது

பாடத்திட்டக் காகிதத்தை வாங்குங்கள். அச்சடித்தது எல்லாமே அழகாகத்தான் இருக்கும். அதில் செய்முறை மணிக்கணக்கு எவ்வளவு என்று மட்டும் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாதிக்கும் மேல் செய்முறையாக இருந்தால் நல்லது.

எலக்ட்ரிகலில் வீட்டு வயரிங் எல்லா இடத்திலும் இருக்கும். எர்த்திங், லோடுக்கேற்ற வயரும் பிரேக்கரும் தேர்ந்தெடுக்கும் கணக்கு, வரைபடம் வாசிப்பது, மோட்டார் ஸ்டார்ட்டர், பழுது கண்டுபிடிப்பது ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பழுது கண்டுபிடிப்பதுதான் பின்னாளில் சோறு போடும். மாஸ்டர் வேண்டுமென்றே ஒரு போர்டைக் கெடுத்து வைத்து, "எங்கே தப்பு, கண்டுபிடி" என்கிற வகுப்பு வாரம் ஒன்றாவது நடக்க வேண்டும். சோலார், மின்வாகன சார்ஜர் இரண்டும் கொஞ்சமாவது இருந்தால் கூடுதல் பலம்.

பிளம்பிங்கில் தண்ணீர் வரும் வழியைவிடப் போகும் வழியைச் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று பார்ப்பேன். சப்ளை லைனில் தப்பு செய்தால் அன்றே கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். கழிவு லைனில் செய்த தப்பு ஒரு வருடம் கழித்து நாற்றமாக வரும். சிங்குக்குக் கீழே வளைந்திருக்கும் ட்ராப்பில் சுமார் 50 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்பதால்தான் சாக்கடை வாயு வீட்டுக்குள் ஏறாமல் இருக்கிறது. கழிவு லைனுக்குள் காற்று விடும் வென்ட் பைப் சரியாக இல்லாவிட்டால், பக்கத்து லைனில் மொத்தமாகத் தண்ணீர் இறங்கும்போது இந்தத் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். இதைக் கண்ணாடிக் குழாய் வைத்து ஓடவிட்டுக் காட்டும் பள்ளி கிடைத்தால் விடாதீர்கள். சரிவு, பல வகைப் பைப்புகளும் அவற்றின் ஜாயிண்டுகளும், பம்ப், வாட்டர் ஹீட்டரும் அதன் பாதுகாப்பு வால்வும், அழுக்குத் தண்ணீர் குடிநீர் லைனுக்குத் திரும்பாமல் தடுப்பது, எல்லாம் பட்டியலில் இருக்க வேண்டும்.

பாடம் காலத்தோடு ஓடுகிறதா என்பதற்கு ஓர் உதாரணம் வயர் நிறம். பிரிட்டனில் 2004இல் புதிய நிறங்கள் வந்து, 2006 முதல் கட்டாயமாகின. ஃபேஸுக்கு இருந்த சிவப்பு பழுப்பானது, நியூட்ரலுக்கு இருந்த கறுப்பு நீலமானது. ஆனால் பழைய வீடுகளில் பழைய நிறம்தான் இன்னும் சுவருக்குள் இருக்கிறது. அதைவிட விபரீதம், மூன்று ஃபேஸ் வயரிங்கில் பழைய முறையில் நீலம் என்பது ஃபேஸ், புதிய முறையில் நீலம் நியூட்ரல். அமெரிக்க மின் விதித்தொகுப்பு மூன்று வருடத்துக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. நீங்கள் சேரப்போகும் பள்ளியில் எந்த வருடத்து விதிப்புத்தகத்தை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மூலைகள் மடங்கி அழுக்கேறி இருந்தால் திருப்தி.

மாஸ்டர்

எத்தனை வருடம் வேலைத்தளத்தில் இருந்தார் என்று தயங்காமல் கேளுங்கள். படித்ததும் அப்படியே சொல்லிக்கொடுக்க வந்துவிட்டவர் தியரி நன்றாக எடுப்பார். ஆனால் சுவர் ஒரு இஞ்ச் கோணலாக இருந்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது.

முடிந்தால் ஒரே ஒரு தொழில் கேள்வி கேட்டுப் பாருங்கள். எலக்ட்ரிகல் மாஸ்டரிடம், "மெகரில் எவ்வளவு காட்டினால் வயரிங் நல்லது சார்?" என்று கேட்கலாம். சாதாரண வீட்டு சர்க்யூட்டை 500 வோல்ட்டில் சோதித்தால் குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும் என்பது பரவலான விதி. நல்லவர் அதோடு நிறுத்த மாட்டார். "புது வயரிங்கில் ஒன்றே ஒன்று காட்டினால் நான் விடமாட்டேன், எங்கேயோ ஈரமோ நசுங்கலோ இருக்கு" என்பார். பிளம்பிங் மாஸ்டரிடம், "ஒட்டின ஜாயிண்டை ஏன் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கணும்?" என்று கேளுங்கள். ஃபிட்டிங்கின் உட்பக்கம் போகப் போகக் குறுகும் என்பதால் ஈரம் காய்வதற்குள் பைப்பை வெளியே தள்ளிவிடும் என்று கையால் செய்துகாட்டுவார். "சும்மா ஒட்டறதுக்குத்தான்" என்று பதில் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்டுக்கு வெளியே

பள்ளி அறிமுகப்படுத்தும் மாணவரிடம் பேசிப் பயனில்லை. வகுப்பு விடும் நேரத்தில் டீக்கடையிலோ பஸ் நிற்கும் இடத்திலோ நின்று, கடைசி வருடம் படிப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்பார்கள். "இதுவரை நீங்களே எத்தனை டிஸ்ட்ரிபியூஷன் போர்டு கட்டியிருக்கீங்க?", "போன வாரம் கையால் என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். பதில் உடனே வருகிறதா, யோசிக்கிறார்களா என்பதிலேயே விஷயம் இருக்கிறது. பெண்கள் சேர்வதாக இருந்தால் உள்ளே படிக்கும் பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். கழிப்பறை, உடைமாற்றும் அறை, மாஸ்டர் அவர்களையும் பெஞ்சில் நிறுத்துகிறாரா அல்லது நோட்டு எழுத உட்காரவைக்கிறாரா, எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

"100 சதவீத வேலைவாய்ப்பு" என்ற வாசகத்துக்கு மூன்று எண்களைப் பதிலாகக் கேளுங்கள். போன வருடம் சேர்ந்தவர்கள் எத்தனை, முடித்தவர்கள் எத்தனை, முடித்து ஆறு மாதம் கழித்தும் இதே தொழிலில் இருப்பவர்கள் எத்தனை? அறுபது பேர் சேர்ந்து, இருபது பேர் முடித்து, இருபது பேருக்கும் எங்கோ ஒரு குடோனில் மூட்டை எண்ணும் வேலை கிடைத்தாலும் கணக்குப்படி 100 சதவீதம்தான். எந்தெந்த ஒப்பந்தக்காரர்கள் ஆள் எடுக்க வருகிறார்கள் என்று கேட்டு, அவர்களில் ஒருவருக்கு நீங்களே போன் செய்வது இன்னும் நல்லது.

பணமும் காகிதமும்

கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் ஓர் எண் சொல்வார்கள். கருவிப்பெட்டி, காலணி, சீருடை, தேர்வுக் கட்டணம், தோற்றால் மறுதேர்வுக் கட்டணம், பொருள் கட்டணம் எல்லாம் சேர்ந்து எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பொருள் கட்டணம் தனியாக வாங்குகிறார்கள் என்றால் அதற்கு என்ன தருகிறார்கள், எத்தனை மீட்டர் வயர், எத்தனை பைப் என்பதும் அந்தக் காகிதத்தில் வரட்டும். நடுவில் நின்றால் பணம் திரும்ப வருமா, எந்தத் தேதிவரை என்பதும் வேண்டும்.

அசல் சான்றிதழ்களைப் பள்ளியிடம் விட்டுவைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலைக் கையோடு கொண்டுவாருங்கள். படிப்பு முடிந்ததும் இன்ன இடத்தில் இத்தனை வருடம் வேலை செய்தே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தத்தை நீட்டினால் வீட்டுக்கு எடுத்துப்போய், விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி" என்று அவசரப்படுத்தும்போது நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். நாளைக்கும் அந்தத் தள்ளுபடி இருக்கும்.

கட்டணம் கட்ட வழியில்லை என்றால், சம்பளத்தோடு அப்ரண்டிஸாகச் சேரும் வழி உங்கள் ஊரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முதலில் சொன்ன லைசன்ஸ் அலுவலகத்திலேயே அந்த விவரத்தையும் கேட்டுப் பாருங்கள். வசதி இருந்தாலும் எனக்குப் பிடித்த வழி அதுதான். ஆன்லைன் வகுப்புகள் பற்றியும் கேட்கிறார்கள். கணக்கு, விதிகள், வரைபடம் படிக்க அவை நன்றாகவே உதவும். பைப்பை வீடியோவில் வெட்டப் பழக முடியாது.

இரண்டு பள்ளிகள் சமமாகத் தெரிந்தால்

வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதை எடுங்கள். ஒர்க்‌ஷாப்பில் நாள் முழுக்க நின்றுவிட்டு இரண்டு மணி நேரம் பஸ்ஸில் தொங்குகிறவர்கள்தான் நடுவில் நின்றுபோகிறார்கள். அதிலும் சமம் என்றால், வகுப்பு முடிந்த பிறகும் ஒர்க்‌ஷாப்பைத் திறந்துவைத்துப் பழக விடும் பள்ளி எது என்று கேளுங்கள். இரண்டு வருடம் ஒருமுறை நடக்கும் வேர்ல்ட்ஸ்கில்ஸ் போட்டியில் எலக்ட்ரிகல் இன்ஸ்டலேஷன், பிளம்பிங் இரண்டுக்கும் தனிப் பிரிவு உண்டு. அதற்கான உள்ளூர்ச் சுற்றுகளுக்கு மாணவரை அனுப்பும் பள்ளியாக இருந்தால், அங்கே பழகுவதற்குப் பொருள் தாராளமாகக் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

சேர்ந்தபிறகு பணம் திரும்பப் பெறும் கடைசித் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அதுவரை ஒரு சின்ன நோட்டில் தினமும் ஒரு வரி எழுதுங்கள், இன்று என் கையால் எதை வெட்டினேன், எதைக் கெடுத்தேன் என்று. அந்தத் தேதிக்கு முந்தின நாள் நோட்டைப் புரட்டுங்கள். பக்கங்கள் காலியாக இருந்தால் மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் போய் நில்லுங்கள்.